ஈரச் சாக்கு

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வேலை பார்த்தவள் இல்லை. வேளாண்மை அலுவலகத்தில் நடந்த பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, விதையை ஊறப்போட்டு விதைப்பது எப்படி என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். கேலியாகத்தான் ஆரம்பித்தது. போன வருடம் மழை கையை விரித்துவிட, தெருவில் முக்கால்வாசிப் பேர் போட்ட மக்காச்சோளம் மண்ணுக்குள்ளேயே காய்ந்து கிடந்தது. இவள் நிலத்தில் மட்டும் வரிசை பிடித்துப் பச்சை எழும்பியது. அதன் பிறகு கேலி மரியாதையாகிவிட்டது. பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

இந்த வருடமும் வானம் அதே லட்சணம்தான். ஒரு சாயங்காலம் மட்டும் மேகம் திரண்டு, இடித்து முழக்கி, தெருவையே வாசலுக்கு வரவழைத்து, ஒரு மழையைக் கொட்டிவிட்டுப் போனது. கொட்டியது என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். மண்ணைக் கிளறினால் விரல் நீளத்துக்கு ஈரம், அதற்குக் கீழே பழைய புழுதி. அந்த ஈரம் வற்றுவதற்குள் விதை முளைத்தாக வேண்டும். காய்ந்த விதை மண்ணில் விழுந்து, தண்ணீரைக் குடித்து, உப்பி, கண் திறப்பதற்குள் மண் கட்டாந்தரையாகிவிடும். ஊறப்போட்ட விதைக்கு அந்தப் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. இவ்வளவுதான் சங்கதி.

மழை விட்ட கையோடு குழாயடியில் அவளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் நின்றாள்.

"ராத்திரி முழுக்க ஊறட்டும். காலைல வடிச்சு, உடனே நெழல்ல பரப்பிடணும். மேல் ஈரம் போய், கையில ஒட்டாம உதிரணும். அப்புறம் வெதைங்க. விதையத் தூக்கத்துலேர்ந்து எழுப்பி விடறோம், அவ்வளவுதான். அது பாயச் சுருட்டிட்டு எந்திரிச்சிடக் கூடாது. வெள்ள முனை எட்டிப் பாத்துடுச்சுன்னா அந்த விதைய விட்டுடுங்க. வெளிய வந்த வேரு ஒரு தடவ காஞ்சா செத்துடும்."

"அப்ப என் விதைக்கு ஒண்ணும் வேணாம், அதுவும் என்னை மாதிரியே தூங்கட்டும்" என்றார் நாளைக்கார். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்று சொல்லியே பெயர் வாங்கிய மனிதர். "நான் அப்படியே வெதைக்கறேன். அதுவும் நாளைக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிட்டு வாயைத் திறந்தாள். சிட்டு என்பவள் வாத்தியாரம்மாவின் கணவருக்குத் தங்கை. அடுத்த தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. நிலமும் ஒரே வேலிக்கு அந்தப் பக்கம். சின்ன வயதிலிருந்தே நிற்காமல் பேசுகிற வாய் அவளுக்கு.

"எங்க அண்ணிய லேசா நெனைக்காதீங்க. எட்டாங் கிளாஸ்ல மூணு தடவ உக்காந்தவங்க. இப்ப விதைக்கே பாடம் எடுக்கறாங்க. விதையாவது ஒரே தடவைல பாஸாகட்டும்!"

இது ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவில் இதைவிடப் பெரிய வார்த்தையெல்லாம் எத்தனையோ வந்து போயிருக்கிறது. ஆனால் இந்த முறை குழாயடியே சிரித்தது. நாளைக்கார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாத்தியாரம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கியபோது அவளுக்குக் காது மடல் இரண்டும் எரிந்தது.

"அண்ணி, எங்க வீட்ல தொட்டி இல்ல. உங்க மாட்டுக் கொட்டகைல ஒரு ஓரமா எங்க விதையும் ஊறட்டுமா? காலைல நானே வந்து வடிச்சு உலர்த்திக்கறேன்" என்று சிட்டு பின்னாலேயே வந்து கேட்டாள். வாயால் குத்தியது அவளுக்கு அதற்குள் மறந்தே போயிருந்தது.

"கொண்டு வா" என்றாள் வாத்தியாரம்மா.

சிட்டுவுக்கு அந்த விதை முளைப்பது மற்றவர்களைப் போல ஒரு வருடத்து விளைச்சல் கணக்கு மட்டும் இல்லை. அவள் புருஷன் லாரி டிரைவர். லாரியின் பின்கதவு காலில் விழுந்து, தொடை வரை மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தான். கிடந்த இடத்திலிருந்தே ஒரு முடிவும் எடுத்திருந்தான். இந்தத் தடவையும் நிலம் ஏமாற்றினால், அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்விடுவது. அவன் அண்ணனின் குடோனில் காவல் வேலை காலியாக இருந்தது. குடோனுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு அறையும் இருந்தது. கல்யாணமான புதிதில் சிட்டு அதில் இருந்து பார்த்திருக்கிறாள். "ஜன்னலே கெடையாது அண்ணி. மழை பெய்யுதா வெயிலடிக்குதான்னு தகரத்தக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தாள். அதைச் சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வாத்தியாரம்மா இரண்டு விதையையும் தண்ணீரிலிருந்து எடுத்தாள். மணிகள் நன்றாக உப்பி, மஞ்சளாக மின்னின. தன் விதையைக் கொட்டகை நிழலில் பாய் விரித்துப் பரப்பி, உள்ளங்கையால் தள்ளித் தள்ளி ஒரே சீராக ஆக்கினாள். சிட்டுவின் விதையை வடித்து, நனைந்த சாக்கிலேயே கட்டி, மாட்டுக்கு வைத்திருந்த சோளத்தட்டைக் கட்டுக்குப் பின்னால் மூலையில் சாய்த்து வைத்தாள்.

இன்னொரு பாய் சுவரோரம் சுருட்டி நின்றுகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கத்தான் செய்தாள்.

"சிட்டு விதையையும் கையோட விரிச்சிடேன்" என்றார் கணவர், மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டே.

"அவதான் வந்து விரிச்சுக்கறேன்னு சொன்னாளே. நான் தொட்டு ஏதாவது ஆயிட்டா? இது எட்டாங் கிளாஸ் பெயிலான கை."

கணவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். சில ஆண்களுக்குக் கோபம் எது, தமாஷ் எது என்று கடைசி வரை பிடிபடுவதில்லை.

அன்றைக்குச் சிட்டு வரவில்லை. குளியலறைக்குப் போகிறேன் என்று ஊன்றுகோலோடு எழுந்த அவள் புருஷன் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, கட்டு விரிசல் விட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. இந்தச் சேதி மத்தியானமே வந்தது. வாத்தியாரம்மா அப்போது நிலத்தில் குனிந்து விதை போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் கயிறு பிடித்துக் குழி போட, அவள் குழிக்கு இரண்டு மணி போட்டுக் காலால் மண் தள்ளினாள். வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஐயோ பாவம் என்று அவளுக்கு நிஜமாகவே தோன்றியது. அதோடு, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தச் சாக்கை அவிழ்த்து விரிக்க வேண்டும் என்றும் தோன்றியது.

வீட்டுக்கு வந்தாள். கை கால் கழுவினாள். கிழங்கு வேகவைத்து, வெங்காயம் நறுக்கி, இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. கொட்டகை எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருந்தது. அந்தக் குழாயடிச் சிரிப்பு ஒரு தடவை காதில் கேட்டது. படுத்துவிட்டாள். மறந்துபோய்விட்டது என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மறக்கவில்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

விடிந்ததும் சாக்குக்குள் கையை விட்டாள். உள்ளே காய்ச்சல்காரன் உடம்பு மாதிரிச் சுட்டது. புளித்த வாடை. ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தாள். பாதிக்கு மேல் மணிகளில் வெள்ளை முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். மண்ணில் ஈரம் இன்னும் முழுதாக வற்றிவிடவில்லை. பரணில் அவளுடைய சொந்த விதை ஒரு டின் நிறைய இருந்தது, முளைக்காத இடத்தில் மறுபடி போடுவதற்கென்று எடுத்து வைத்தது. அதைக் கொடுத்து, "இப்படி ஆயிடுச்சு சிட்டு" என்று ஒரு வார்த்தை. ஆனால் வாத்தியாரம்மா ஊறப்போட்ட விதை கெட்டுப்போச்சு என்று குழாயடியில் பேசினால்? அதுவும் முதலில் பேசப்போவது யார் வாய்? அவள் அந்த விதையை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நிழலில் இல்லை, கொளுத்துகிற வெயிலில் பரப்பினாள். மத்தியானத்துக்குள் வெள்ளை முனைகள் பழுப்பாகி, நூலாகச் சுருங்கின. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். உதிர்ந்தன. முறத்தில் இட்டுப் புடைத்தாள். பறந்தன. மீதி இருந்தது பார்வைக்கு நல்ல விதை. அதே சாக்கில் வாரிக் கட்டினாள்.

செய்து முடிக்கும் வரை அவள் ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பின்னால் மிகவும் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் சிட்டு மூச்சு வாங்க வந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. நேத்து ஆஸ்பத்திரியிலயே பொழுது போயிடுச்சு. ஐயோ, நீங்களே உலர்த்திட்டீங்களா? உங்களுக்குன்னு பாத்து ஒரு வேலைய வெச்சுட்டேனே."

சாக்கைப் பிரித்து, அடி வரை கையை விட்டு ஒரு கை அள்ளிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு அண்ணி?"

"ம்" என்றாள் வாத்தியாரம்மா.

சிட்டு சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

நாள் போனது. வாத்தியாரம்மாவின் நிலத்தில் முளை வந்துவிட்டது. மேல் மண் காய்ந்து ஓடு கட்டுவதற்குள், ஈட்டி மாதிரிச் சுருண்ட பச்சை வரிசை வரிசையாக நிமிர்ந்தது. அவள் பேச்சைக் கேட்டவர்கள் நிலத்திலும் அப்படியே. ஊறப்போடாமல் விதைத்த நாளைக்கார் நிலத்தில் இங்கொன்றும் அங்கொன்றும் தெரிந்தது. "எழுப்பாமலே எந்திரிச்சு வர்றவன் வந்தா போதும்" என்று அவர் அதையும் சிரித்தே சமாளித்தார்.

சிட்டுவின் நிலம் மொட்டையாகக் கிடந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் களை எடுக்கிற சாக்கில் உட்கார்ந்து வாத்தியாரம்மா பார்த்தாள். சிட்டு ஒரு குச்சியால் குழி குழியாகத் தோண்டிக்கொண்டு போனாள். ஒரு மணியை எடுப்பாள், நசுக்குவாள், உள்ளே கருத்திருக்கும், விரலைச் சேலையில் துடைத்துக்கொள்வாள், அடுத்த குழிக்குப் போவாள். அந்தப் பெண் பேசாமல் ஒரு வேலை செய்து வாத்தியாரம்மா பார்த்ததே இல்லை.

"ஆழமாப் போட்டுட்டேன் போல அண்ணி" என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "ரெண்டு நாள் தள்ளியும் போச்சு. அதான்."

"இருக்கும்" என்று வாத்தியாரம்மாவின் வாய் சொன்னது. அந்த வாயைப் பிடுங்கிப் போட்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து குழாயடிக்கு ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். "வாத்தியாரம்மா, உங்க புண்ணியத்துல எங்க வயல் தப்பிச்சுது" என்று யாராவது சொன்னால், செருப்பில் முள் ஏறிய மாதிரி நின்றுவிடுவாள். தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. கணவர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். வெயில் என்றாள். சிட்டு வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளேயிருந்து டிரைவரின் குரல் கேட்டது. "ஊருக்கே முளைக்குது, உன் கையில மட்டும் ஏன் முளைக்கல? சாமான கட்டு. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்." சிட்டுவின் பதில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பிறகு எதிர்பாராமல் இன்னொரு தூறல் விழுந்தது. முந்தினதைவிடக் கொஞ்சம் நின்று பெய்தது.

"பரண்ல இருக்கற டின்ன சிட்டுக்குக் குடுத்துடலாமா?" என்றார் கணவர் தயங்கித் தயங்கி. "நமக்குத்தான் முழுசா வந்துடுச்சே."

கேட்ட அடுத்த நிமிடம் அவள் பரணில் ஏறிவிட்டாள். டின்னைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது மனசு லேசானது. விதையைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், வாயைத் திறக்கவே வேண்டாம் என்று ஒரு நப்பாசை. மனுஷ மனசுக்கு எப்போதும் ஒரு சந்து கிடைத்துவிடுகிறது.

சிட்டு வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகி நடுவீட்டில் கிடந்தது. டிரைவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். டின்னைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, உங்க வீட்டு விதையவா தூக்கிட்டு வந்தீங்க? கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க."

"மாப்ள, அதெல்லாம் பெரிய விஷயமா? இன்னிக்கு ஊறப்போட்டா நாளைக்குப் போட்டுடலாம்" என்றார் அவள் கணவர்.

"போடலாம் மச்சான். ஆனா ஒண்ணு." டிரைவர் சமையலறைப் பக்கம் கையை நீட்டினான். அங்கே சிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள். "இவ தொடக் கூடாது. இவ கை ஆகாத கை. அக்கா, நீங்களே உங்க கையால போட்டுக் குடுங்க. இவள வரப்புலகூட நிக்க விடாதீங்க."

சிட்டுவின் முதுகு அசையவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைக்கூட அவள் இறக்கவில்லை.

வாத்தியாரம்மா டின்னைக் கீழே வைத்தாள்.

"அவ கை இல்ல" என்றாள். மறுபடி சொன்னாள். "அவ கை இல்ல தம்பி. விதை. நான் குடுத்த விதை."

"என்ன சொல்ற?" என்றார் கணவர்.

"அது முளை விட்டுடுச்சு. சாக்குலயே. நான் விரிக்கல. வேணும்னே விரிக்கல. மறுநாள் பாத்தேன், முனை வந்திருந்துச்சு. வெயில்ல போட்டுக் காயவெச்சு, தேச்சு, பொடச்சு, நல்ல விதை மாதிரி ஆக்கிக் குடுத்துட்டேன்."

அவளே பேச வேண்டியிருந்தது.

"குழாயடில எட்டாங் கிளாஸ்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அதான்."

சொல்லி முடித்ததும் அந்தக் காரணம் எவ்வளவு சின்னது என்று அந்த அறையே பார்த்தது. கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு வார்த்தைக்கா அக்கா?" என்றான் டிரைவர். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நிஜமாகவே புரியாமல் கேட்டான். பிறகு பெண்டாட்டியின் பக்கம் திரும்பினான். இத்தனை நாள் அவளைப் பேசின பேச்செல்லாம் ஞாபகம் வந்ததோ என்னவோ, அவனும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

சிட்டு அடுப்பை அணைத்தாள். கரித்துணியால் வழிந்த பாலைத் துடைத்தாள். துடைத்து முடித்துத்தான் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"தெரியுமா?"

"சாக்குக்கு அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. காஞ்சு போய், முடி மாதிரி. அங்க உங்க வீட்லயே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன்டி போட்ட?"

"நான் கேட்டேனே அண்ணி. எல்லாம் சரியாத்தானே இருக்குன்னு கேட்டேன். நீங்க ‘ம்’னு சொன்னீங்க." சிட்டுவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவங்க எனக்கு மட்டும் தப்பாவா சொல்லுவாங்கன்னு நெனச்சேன். நாமதான் ஒழுங்கா கேட்டுக்கல, அந்த முனை வேற, இது வேறயா இருக்கும்னு நெனச்சேன்."

வாத்தியாரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழுவதற்குக்கூட வெட்கமாக இருந்தது, இந்த வீட்டில் அழ வேண்டியவள் அவள் இல்லையே என்று. சிட்டு ஒரு டம்ளர் தேநீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"மூட்டைய அவுக்கறேன். இந்தத் தடவ நான்தான் போடப்போறேன். என் கையாலதான்."

"போடு" என்றான் டிரைவர், கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் அதே கொட்டகைத் தொட்டியில் விதை ஊறியது. மறுநாள் வாத்தியாரம்மா கொட்டகைக்குப் போவதற்கு முன்பே சிட்டு அங்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். கக்கத்தில் ஒரு பாய் சுருட்டி இருந்தது.

"பாய் இங்கயே இருக்கே சிட்டு" என்றாள் வாத்தியாரம்மா, சுவரோரத்தைக் காட்டி.

"இருக்கட்டும் அண்ணி. எங்கிட்ட இருக்கு."

இரண்டு பேரும் சேர்ந்தே வடித்தார்கள். சிட்டு தன் பாயை நிழலில் விரித்தாள். தானே பரப்பினாள். வெயில் ஏறி நிழல் நகர நகர, பாயை நிழலோடு இழுத்தாள். வேறு எங்கும் எழுந்து போகவில்லை. வாத்தியாரம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தாள். புருஷன் கால் கொஞ்சம் தேவலை என்றாள். நாளைக்கார் கிணற்றில் வாளியை விட்டுவிட்டு, நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று போன கதையைச் சொன்னாள். வாத்தியாரம்மா சிரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

விதை உலர்ந்ததும் சிட்டு ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள். பாயின் இன்னொரு மூலையிலிருந்து ஒன்று. நடுவிலிருந்து ஒன்று. கை நிறைய அள்ளி, விரல் இடுக்கில் உதிரவிட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. காய்ந்த சாக்கை உதறி, உள்ளே கையை விட்டு அடி வரை தடவிப் பார்த்துவிட்டு, விதையை வாரிப் போட்டுக் கட்டினாள்.

வாத்தியாரம்மா பக்கத்திலேயே நின்றாள். இப்போது கேட்பாள் என்று காத்திருந்தாள். எல்லாம் சரியாத்தானே இருக்கு என்று கேட்பாள். சரியா இருக்கு, நானும் பாத்தேன், நல்லா இருக்கு, போய்ப் போடு என்று சொல்ல வேண்டும். பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது.

சிட்டு சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"வரேன் அண்ணி" என்றாள்.

கேட்கவில்லை.